கேமரா நல்லாருக்கு

தம்பி, எந்திரிக்காதீங்க. படம் போட்டுருவாங்க. மணியப் பாக்காதீங்க, நீங்க மணியப் பாத்தா மேனேஜர் சுப்பையாவுக்கு சந்தோசம் வந்துரும். அந்தா, பாப்கார்ன் மிஷின்ல கைய ஊண்டிக்கிட்டு நிக்கிறாருல்ல, அவர்தான் சுப்பையா. பத்து பேர் சேந்தாத்தான் ஷோ போடுவேன்னு நிக்கிறாரு. உங்களையும் என்னையும் சேத்து இப்ப ஏழு. இன்னும் மூணு பேர் வரணும். நீங்க போயிட்டா நாலு பேர் வரணும். அதனால உக்காருங்க. உங்க ட்ரெயின் சாயங்காலம்தானே? இந்த வெயில்ல திண்டுக்கல் ரோட்டுல எங்க போய் நிப்பீங்க?

சும்மா ஏசிக்குத்தான் வந்தீங்களா? பரவால்ல, உண்மையச் சொல்லிட்டீங்க. முக்கால்வாசிப் பேரு அதுக்குத்தான் வர்றான், கேட்டா உலக சினிமான்னு சொல்லுவான்.

என் பேரு வைரவசுந்தரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மருந்துக்கடை வச்சிருக்கேன். அந்த போஸ்டரப் பாருங்க. ‘உப்புக் கம்மி’ன்னு போட்டிருக்குல்ல, அதுதான் இப்ப நீங்க பாக்கப்போற படம். கீழ பொடி எழுத்துல ‘எழுத்து, இயக்கம் நிறைமதி’ன்னு இருக்கு பாருங்க, அது என் மக. ஆமா, சொந்த மகதான். அதுக்கு ஏன் இப்படி நிமிந்து உக்கார்றீங்க? சாஞ்சே உக்காருங்க. மக படத்துக்கு அப்பன் ஆள் புடிச்சிட்டு நிக்கிறான்னு நினைச்சிராதீங்க, நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. எனக்கு இந்தப் படத்துல கடைசி பத்து நிமிசம் பாக்கணும். அம்புட்டுத்தான். மிச்சத்த வெள்ளிக்கிழமையே பாத்தாச்சு.

இன்னிக்கு வியாழக்கிழமை. நாளைக்கு பெரிய ஹீரோ படம் வருது, எல்லா ஷோவும் அதுக்குத்தான். இவ படத்துக்குக் குடுத்ததே ஒத்தை மத்தியான ஷோ, அதையும் இன்னியோட தூக்குறாங்க. செல்போன்ல வரும், அதுல பாருங்கன்னு சொல்லாதீங்க. ஹீரோ இல்ல, சண்டை இல்ல, இத எவன் வாங்கிப் போடுவான்? இன்னிக்கு விட்டா விட்டதுதான். அந்தப் பத்து நிமிசத்தப் பாக்காம நான் அவளுக்கு போன் போட முடியாது. அவ அப்படிச் சொல்லிட்டா.

ஏன் முழுசாப் பாக்கலைன்னு கேக்குறீங்க. கேளுங்க, கேக்க வேண்டிய கேள்விதான். அதுக்கு எங்க செட்டப் பத்திச் சொல்லணும்.

நாங்க நாலு பேரு. முப்பது வருசமா வெள்ளிக்கிழமை வந்தா முதல் ஷோ. எவன் நடிச்ச படமா இருந்தாலும் சரி. சவரிமுத்துன்னு ஒருத்தன், பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். படம் நல்லாருக்கா இல்லையான்னு பாக்கமாட்டான், இடைவேளை லேட்டா விட்டானா சீக்கிரம் விட்டானான்னு பாப்பான். ஜமால்னு ஒருத்தன், செருப்புக்கடை. ஹீரோ மூஞ்சியவிட ஹீரோ காலத்தான் அதிகம் பாப்பான். ‘சோத்துக்கே வழியில்லாதவன்னு சொல்றாய்ங்க, அவன் போட்டிருக்க ஷூவப் பாத்தியா’ன்னு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டான். மூணாவது குருநாதன், காலேஜ்ல எகனாமிக்ஸ் புரொபசர். அவருக்கு எல்லாப் படமும் ஒண்ணுதான், எல்லாத்துலயும் ஏதாவது ஒரு அரசியல் ஒளிஞ்சிருக்கும், அவர் போய் அதக் கையும் களவுமாப் புடிச்சிட்டு வருவாரு. நாலாவது நான். தீர்ப்பு சொல்றது என் வேலை.

எதுத்தாப்புல தெரியுதுல்ல ராஜா டீ ஸ்டால், அதுதான் கோர்ட்டு. முதல் டீ முடியிறவரைக்கும் ஒருத்தனும் படத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டாவது டீ வந்ததும் மூணு பேரும் சொல்லணும். கடைசியா நான்.

போன மாசம் ஒரு படம் வந்துச்சு, பாத்திருப்பீங்க, ஹீரோ ஒத்தை ஆளா நின்னு ஒரு துறைமுகத்தையே துவைச்சுக் காயப்போடுவாரு. சவரிமுத்து சொல்றான், ‘அவரு அடிக்க ஆரம்பிச்சப்ப நான் பாத்ரூம் போனேன், திரும்பி வந்தா அதே ஆளத்தான் அடிச்சிட்டிருந்தாரு.’ ஜமால், ‘அம்புட்டுப் பேரு பறந்து போய் விழுறாய்ங்க, ஒருத்தன் காலுலருந்தாச்சும் செருப்பு கழண்டுச்சா’ங்கிறான். புரொபசர், ‘இது உலகமயமாக்கலுக்கு எதிரான குரல்’ன்னாரு. நான் டீயக் கீழ வச்சேன். ‘இது தலைவலி மாத்திரைக்கு ஆதரவான குரல். என் கடைக்கு வாங்க, கூட்டத்தப் பாக்கலாம்’னேன். டீ மாஸ்டர் சிரிச்ச சிரிப்புல பால் பொங்கி ஊத்திருச்சு.

அதுக்கு முந்தின வாரம் ஒரு பேய்ப் படம். அந்தப் பேய் எதுக்கு வந்துச்சுன்னு அந்தப் பேய்க்கே தெரியல. அதுக்கும் புரொபசர் அரை மணி நேரம் பேசினாரு. நான் ஒரே வரிதான். ‘பேய்க்கு பயந்து ஓடுறவங்க எல்லாம் டைரக்டரப் பாத்து ஓடியிருந்தா படம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.’

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். புரொபசரோட மச்சான் ஒருத்தன் ஒரு படத்துல மூணு சீன் நடிச்சிட்டு, நேரா டீக்கடைக்கே வந்து ‘எப்படி சார் இருக்கு’ன்னு நின்னுட்டான். மொகத்துல மேக்கப் கலையாத மாதிரி ஒரு சிரிப்பு. படம் குப்பை. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நான் யோசிச்சு, ‘கேமரா நல்லாருக்கு தம்பி’ன்னேன். அவன் ஆனந்தமாப் போயிட்டான். அன்னிலருந்து அதுதான் எங்க செட்டுக்குச் சட்டம். ‘ஒரு தடவை பாக்கலாம்’னா பாக்காதேன்னு அர்த்தம். ‘முயற்சி பண்ணியிருக்காங்க’ன்னா பாவம்னு அர்த்தம். ‘கேமரா நல்லாருக்கு’ன்னா முடிஞ்சுபோச்சு. சாவு வீட்டுக்குப் போயிட்டு ‘பந்தல் நல்லாப் போட்டிருக்கீங்க’ன்னு சொல்லிட்டு வர்ற மாதிரி. இதக் கண்டுபிடிச்சவன் நான்தான். பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.

இன்னொண்ணு, எந்தப் படத்தையும் நான் கடைசி வரைக்கும் பாக்கமாட்டேன். பத்து நிமிசம் இருக்கையிலயே எந்திரிச்சிருவேன். ஸ்டாண்டுல வண்டிய எடுக்கணும், கூட்டம் வர்றதுக்குள்ள டீக்கடை பெஞ்சப் புடிக்கணும். எல்லாம் தெரிஞ்ச முடிவுதானே? முப்பது வருசத்துல ‘வணக்கம்’ போட்டு நான் பாத்ததில்ல. இவய்ங்க மூணு பேரும் கண்ணக் கசக்கிக்கிட்டு வெளிய வர்றப்ப நான் பெஞ்சுல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பேன். தீர்ப்பு ரெடியா இருக்கும்.

வெளிய வர்ற வழியில அடுத்த ஷோவுக்கு க்யூ நிக்கும்ல? ‘சார், படம் எப்படி’ன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் என்னையத் தெரியும். ஒரு தீபாவளிக்கு, ‘வீட்டுல கரண்டு இருக்கா? இருந்தா வீட்டுக்குப் போங்க’ன்னேன். பாதி க்யூ கலைஞ்சு போச்சு தம்பி! சுப்பையா ஓடி வந்து கைய எடுத்துக் கும்புட்டாரு, ‘சார், இனிமே பின்வாசல் வழியாப் போங்க’ன்னு. அது ஒரு காலம்.

அதான் இன்னிக்கு அந்தச் சிரிப்பு சிரிக்கிறாரு பாருங்க. ‘சார், அன்னிக்கு என் க்யூவக் கலைச்சுவிட்டீங்க, இன்னிக்கு நீங்களே சேத்துக் குடுங்க’ங்கிறாரு. ஆளு சின்னப்புத்திக்காரரு.

நிறைமதி சின்னப்புள்ளையா இருந்தப்ப வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் நேரா டீக்கடைக்கு வந்துருவா. பெஞ்சு ஓரத்துல உக்காந்து பன்னப் பிச்சுத் தின்னுக்கிட்டே நாங்க பேசுறதக் கேப்பா. யாராவது ‘கேமரா நல்லாருக்கு’ன்னு சொன்னா முதல் ஆளா சிரிக்கிறது அவதான். எஞ்சினியரிங் முடிச்சா. நல்ல வேலை கிடைச்சுச்சு. விட்டுட்டு மெட்ராஸ் போயி ஒரு டைரக்டர்கிட்ட அசிஸ்டென்ட்டா சேந்தா. எத்தனையோ வருசம். நானும் ஒண்ணும் தடுக்கல. ‘நீ எழுதுன கதைய அனுப்பு, பாக்குறேன்’னு சொன்னேன். அனுப்பினா. அதுல இருந்த தப்பையெல்லாம் வரிசையா எழுதித் திருப்பி அனுப்பினேன். அதுக்கப்புறம் அவ அனுப்பல. ரொம்ப பிசி போல.

போன வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். அதுக்கு முதல் நாளே ஒரு கட்டு டிக்கெட் வாங்கி, கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் மாத்திரையோட சேத்துக் குடுத்தேன். ஒருத்தன் வரல. காய்ச்சலுக்கு வந்தவன் காய்ச்சலோடயே வீட்டுல படுத்துக்கிட்டான். அது எப்படியோ அவ காதுக்குப் போயிருச்சு. ‘அப்பா, ஆள் உக்காராத சீட்டுக்கு டிக்கெட் வாங்காதீங்க’ன்னா. அதனாலதான் இன்னிக்கு நான் வாங்கல. இல்லேன்னா இந்தச் சுப்பையா மொகத்துல வீசிட்டு உள்ள போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை நாங்க நாலு பேரும் போனோம். கூட என் வீட்டுக்காரம்மா இந்திராணி.

படம் என்னன்னா, ஒரு அப்பன். எதச் செஞ்சாலும் குத்தம் சொல்றவன். சாப்பிட உக்காந்தா முதல் வாய்லயே ‘உப்புக் கம்மி’. அவன் பொண்டாட்டி அவன் சொல்றதுக்கு முன்னாடியே உப்பு ஜாடியத் தட்டுக்குப் பக்கத்துல வச்சிருவா. மக மயில் வரைஞ்சு எடுத்துட்டு வந்தா, ‘கால் கோணலா இருக்கே’ம்பான். ரெண்டாவது பரிசு வாங்கிட்டு வந்தா, ‘முதல் பரிசு யாருக்கு’ம்பான். இப்படியே போகுது.

நீங்களே சொல்லுங்க, உலகத்துல எங்கயாச்சும் இப்படி ஒரு அப்பன் இருப்பானா? லாஜிக் வேணாமா? முதல் பரிசு யாருக்குன்னு எந்த அப்பனும் கேக்குறதுதானே, அதுக்குப் போயி பின்னாடி வயலினப் போட்டு இழுக்குறா. உப்பு ஜாடி எங்க வீட்டுலயும்தான் என் தட்டுக்குப் பக்கத்துல இருக்கும். எல்லா வீட்டுலயும் இருக்கும். இருக்கும்ல? உங்க வீட்டுல இருக்காதா? சரி விடுங்க, நீங்க பேச்சிலர்.

இந்த ஜமால் இருக்கானே, அவன் சிரிச்ச சிரிப்புல சீட்டே ஆடுச்சு. அந்த அப்பன் வர்ற சீன்லயெல்லாம் சிரிக்கிறான். சிரிச்சிட்டு என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்குறான். ஏண்டா, படம் அங்கிட்டு ஓடுது, இங்கிட்டு என்னத்தப் பாக்குற? சவரிமுத்து கைக்குட்டைய வாயில திணிச்சுக்கிட்டான். புரொபசர் மட்டும் மேல ஃபேனப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ஒருத்தன்தான் சிரிக்கல. விமர்சகன் சிரிக்கக் கூடாது.

படத்துல வர்ற அப்பன் துணிக்கடைக்காரன், தெரிஞ்சுக்கங்க. நான் மருந்துக்கடை. சம்பந்தமே கிடையாது.

கடைசில அந்த மக ஊரவிட்டுப் போறா. வருசக்கணக்கா வர்றதில்ல. அப்புறம் ஒரு நாள் வந்து, அவளே சமைச்சு, அப்பனுக்கு இலை போட்டுப் பரிமாறுறா. பக்கத்துல உப்பு ஜாடி இல்ல. அப்பன் உக்காந்தான். சோத்துல கைய வச்சான். நான் எந்திரிச்சிட்டேன்.

பின்ன? இதுக்கு மேல என்ன இருக்கு? ஒரு வாய் சாப்பிடுவான், மகளப் பாப்பான், ‘உப்பு சரியா இருக்கும்மா’ன்னு சொல்லுவான், நெஞ்சப் புடிச்சுக்கிட்டு சாஞ்சிருவான், வயலின். எத்தன படத்துல பாத்தாச்சு. நானா இருந்தா அப்படித்தான் முடிப்பேன். வழக்கம்போல வண்டிய எடுத்தேன், பெஞ்சுல போய் உக்காந்தேன்.

அங்க பாத்தா, காலேஜ் பையன் ஒருத்தன், அவனும் என்னைய மாதிரியே பாதியில எந்திரிச்சு வந்தவன், போன்ல எவன்கிட்டயோ ‘படம் செம லேக் மச்சி, வராத’ங்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ‘ஏம்ப்பா, ஒரு படத்துக்குப் பின்னாடி எத்தன பேரு ராப்பகலா உழைச்சிருப்பான்? முழுசாப் பாக்காம ஒரு வார்த்தையில கொன்னுட்டுப் போறியே, உனக்கு மனசாட்சி இருக்கா’ன்னு புடிச்சுக்கிட்டேன். இந்தக் காலத்துப் பயலுகளுக்குப் பொறுப்பே இல்ல தம்பி.

கொஞ்ச நேரத்துல செட்டு வந்துச்சு. மூணு பேர் கண்ணும் செவந்திருக்கு. ஏசி ஒத்துக்கல போலன்னு நினைச்சேன். இந்திராணி டீயும் குடிக்கல, ஒண்ணும் குடிக்கல, நேரா ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிட்டா. முதல் டீ முடிஞ்சுச்சு. ரெண்டாவது டீ வந்துச்சு. நான் சவரிமுத்துவப் பாத்தேன். அவன் கிளாசையே பாத்துக்கிட்டு, ‘கேமரா நல்லாருக்கு’ன்னான்.

எனக்கு நெஞ்சுல டம்ளர் விழுந்த மாதிரி இருந்துச்சு. ஜமாலப் பாத்தேன். ‘கேமரா ரொம்ப நல்லாருக்குப்பா’ன்னான். புரொபசர், பேய்ப் படத்துக்கே அரை மணி நேரம் பேசுற மனுசன், தொண்டையச் செருமிக்கிட்டு, ‘ஆமா, ஒளிப்பதிவு’ன்னாரு. அதோட சரி.

உள்ள உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, வெளிய வந்து என் மக படத்துக்கு பந்தல் நல்லாப் போட்டிருக்குங்கிறாய்ங்க! எனக்குத் தாங்கல. ‘புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்கடா’ன்னேன். சவரிமுத்து சொல்றான், ‘சுந்தரம், புடிக்கலைன்னு யாரு சொன்னா? நீ அந்தக் கடைசி சீனப் பாத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்’னு. ‘நான் பாக்காத கிளைமாக்ஸா, இத்தனை நாளும் உங்களுக்கு முடிவச் சொன்னவன் யாருடா’ன்னு கேட்டேன். ஜமால் என் தோள்ல கைய வச்சான். ‘விடுப்பா, புள்ள உன்ன எப்படிப் பாத்து வச்சிருக்கா’ன்னு என்னமோ ஆரம்பிச்சான். நான் கையத் தட்டிவிட்டுட்டு, ‘செருப்பு விக்கிறவனுக்கு சினிமாவப் பத்தி என்னடா தெரியும்’னு கேட்டுட்டேன்.

கேட்டேன்தான். அவன் பாதி டீய வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். முப்பது வருசத்துல அவன் டீய மிச்சம் வச்சு நான் பாத்ததில்ல. அவன் ஒருத்தன், எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்குவான்.

வீட்டுக்குப் போனா இந்திராணி அடுப்படியில நிக்கிறா. ‘முடிவு என்னடி’ன்னு கேட்டேன். ‘போய்ப் பாருங்க’ன்னா. அன்னிக்கு ரசத்துல உப்பு இல்ல, ஜாடியும் இல்ல. நானே எந்திரிச்சுப் போய் எடுத்துக்கிட்டேன்.

ராத்திரி மக போன் பண்ணினா. குரல்ல ஒரு படபடப்பு, பரிச்ச ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி. ‘அப்பா, பாத்தீங்களா? எப்படிப்பா இருக்கு? கடைசி சீன் எப்படிப்பா இருந்துச்சு?’

நான் என்ன சொல்வேன் தம்பி? முழுசாப் பாக்கலைன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவா. நல்லாருக்குன்னு சொன்னா, எங்கப்பனாவது நல்லாருக்குன்னு சொல்றதாவதுன்னு சந்தேகப்படுவா. வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன். ‘கேமரா நல்லாருந்துச்சும்மா.’

லைன் கட்டாயிருச்சோன்னு ‘ஹலோ, ஹலோ’ங்கிறேன். அப்புறம் மெதுவாச் சொல்றா. ‘கடைசி சீன்ல கேமராவே இல்லப்பா. அப்பா சோத்துல கைய வச்சதும் ஸ்கிரீன் இருட்டாயிரும். குரல் மட்டும்தான் வரும்.’

‘யாரு குரல்மா’ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ‘உக்காந்து கேட்டுட்டு போன் பண்ணுங்கப்பா. அதுவரைக்கும் வேணாம்’னு வச்சிட்டா. கோவமாக்கூடச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

நாலஞ்சு நாள் கடைக்கும் வீட்டுக்குமா மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நேத்து மனசு கேக்காம கிளம்பி வந்தேன். சுப்பையா ‘ஆள் இல்ல சார், ஷோ கேன்சல்’னாரு. ‘தினமும் ஓடுச்சே’ன்னேன். ‘தினமும் உங்க ஆளுங்க மூணு பேரும் வந்து உக்காருவாங்க சார், அவங்கள வச்சுத்தான் பத்து சேந்துச்சு. இன்னிக்கு சவரிமுத்து சார் பேத்திக்குக் காதுகுத்து, அதான் வரல’ங்கிறாரு. காதுகுத்துக்கு என்னையக் கூப்பிட்டிருந்தாய்ங்க. கூப்பிடாம என்ன? பத்திரிக்கை வீட்டுல கிடக்கு. நான்தான் போகல. ஒரே படத்தத் தினமும் வந்து பாக்குறாய்ங்கன்னா என்ன அர்த்தம்? இன்னும் என்ன குத்தம் இருக்குன்னு தேட வர்றாய்ங்க. வேற எதுக்கு வரப்போறாய்ங்க?

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

இருங்க, இருங்க. வாசல்ல யாரோ வர்றாங்க. பாத்தீங்களா? சொன்னேன்ல? அந்த நெட்டையா வர்றவன்தான் சவரிமுத்து, வாட்சப் பாத்துக்கிட்டே வர்றான் பாருங்க. பின்னாடி புரொபசர். கடைசில, தரையப் பாத்துக்கிட்டு வர்றவன் ஜமால். என்னையப் பாத்துட்டானுங்க. பேசமாட்டானுங்க. நானும் பேசமாட்டேன். ஒளிப்பதிவப் பாக்க வந்திருக்காங்க, பாத்துட்டுப் போகட்டும்.

சுப்பையா விரல மடக்கி எண்ணுறாரு பாருங்க. எட்டு, ஒம்போது, பத்து. வாங்க தம்பி, எந்திரிங்க. பத்து சேந்துருச்சு. பைய நான் தூக்கிக்கிறேன், குடுங்க. ஏன், வேணாங்கிறீங்க? நீங்க உள்ள வர்ற வரைக்கும் எனக்கு நம்பிக்கை இல்ல, அதான்.

இங்க உக்காருவோம். நீங்க உள்ள தள்ளி உக்காருங்க. இது என் சீட்டு, ஓரத்துக்குப் பக்கத்து சீட்டு. ஓரத்த எப்பவும் காலியா விட்டுக்குவேன், அப்பத்தான் டக்குனு எந்திரிச்சுப் போக வசதி. பழக்கம் தம்பி. இன்னிக்குப் போகமாட்டேன். போகமாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த இலை போடுற சீன் வந்தா என் கால் தானா எந்திரிக்கும், அத என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

டேய் ஜமால். இத்தன சீட்டு காலியாக் கிடக்குல்ல, இந்த ஓரத்துல வந்து ஏண்டா உக்கார்ற? கால நீட்டி வழிய அடைச்சுக்கிட்டு? நான் எப்படி எந்திரிச்சுப் போறது?

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்றான்னு? ‘அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்’கிறான். ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே சொல்றான், என் மூஞ்சியப் பாக்கல. செருப்புக்கடைக்காரனுக்குத் திமிரப் பாத்தீங்களா? ஜமாலு. டேய். அன்னிக்கு நான் சொன்னது... சரி, அப்புறம் டீக்கடையில பேசிக்குவோம். இன்னிக்கு டீய மிச்சம் வைக்காத.

லைட்ட அணைச்சிட்டாங்க. அந்தா, பேர் போடுறாங்க பாருங்க, என் மக பேரு. வெளிய போஸ்டர்ல பொடிசாப் போட்டிருந்தாங்க, இங்க எம்புட்டுப் பெருசா இருக்கு.

தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எத்தன படம் பாத்திருப்பேன், எத்தனையக் கிழிச்சிருப்பேன், எந்தப் படத்துக்கும் பயந்ததில்ல. கடைசில இருட்டாம். குரல் மட்டும்தானாம். அந்த இருட்டுல, மக போட்ட சோத்த வாயில வச்சுக்கிட்டு, அவ என்னைய என்ன பேச வச்சிருக்காளோன்னு பயமா இருக்கு.

என்ன? என்னையன்னா சொன்னேன்? அந்தத் துணிக்கடைக்காரனச் சொன்னேன் தம்பி.

சரி. என்னையத்தான் சொன்னேன். படத்தப் பாருங்க.